தாய ஆட்டத்தைக் காசுக்கு விற்பதா, விளம்பரம் போட்டு இலவசமாகத் தருவதா?

தாயக்கட்டை (பாளையங்கோட்டை)

அனைவருக்கும் வணக்கம். பகலில் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதுவது என் தொழில். இரவில், ஒன்றரை ஆண்டுகளாக, என் மைத்துனருடன் சேர்ந்து கைப்பேசிக்கான தாய விளையாட்டு ஒன்றைச் செய்துவந்தேன். ஐந்துக்கு ஐந்து கட்டம், ஏழுக்கு ஏழு கட்டம் என்று இரண்டு பலகைகள் இருக்கின்றன. பித்தளைத் தாயக்கட்டை உருளும் ஓசையை வீரவநல்லூரில் பெரியம்மா வீட்டுச் சிமெண்டுத் தரையிலேயே பதிவு செய்தோம். வேலை முடிந்துவிட்டது, விற்பது எப்படி என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு. இலவசமாகக் கொடுத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்கிறார் மைத்துனர். 99 ரூபாய் விலை வைப்போம், ஒரு காப்பி டிபனுக்குக் கொடுக்கிற காசுதானே என்கிறேன் நான். பொங்கலுக்கு முன் ஒரு முடிவுக்கு வராவிட்டால் குடும்பத்தில் பேச்சுவார்த்தை நின்றுவிடும் போலிருப்பதால், இந்தத் தொழிலில் கை நனைத்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மேலரதவீதிக்காரன் (நெல்லை டவுன்)

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மும்பையில் செய்யப்பட்ட லூடோ கிங் 2016இல் வந்தது. 2020 ஊரடங்கில் அதை ஆடாத வீடு இல்லை. அதற்கு யாராவது முன்பணம் கொடுத்தார்களா? வியட்நாமில் ஒரே ஒருவர் உட்கார்ந்து செய்த ஃப்ளாப்பி பேர்டும் இலவசம்தான். விளம்பரத்திலேயே நாளுக்கு 50,000 டாலர் வந்ததாக அப்போது பத்திரிகைகள் எழுதின. விலை என்று ஒரு எண்ணைப் போட்டால் நம் ஊர்க்காரர் எவரும் அந்தப் பொத்தானைத் தொட மாட்டார். உங்கள் மைத்துனர் சொல்வதே சரி.

வண்ணார்பேட்டையார்

தம்பி மேலரதவீதிக்காரருக்கு: ஃப்ளாப்பி பேர்ட் 2013இல் வெளிவந்தது, பல மாதங்கள் கேட்பாரற்றுக் கிடந்து, திடீரென்று உச்சிக்குப் போனது, 2014 பிப்ரவரியில் அதைச் செய்தவரே ஆப் கடையிலிருந்து எடுத்துவிட்டார். லாட்டரி அடித்தவரைப் பார்த்து விவசாயம் செய்ய முடியாது.

நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகள் இந்த வேலையையே செய்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், பழைய கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேஷுவல் கேம், அதாவது யாரும் எளிதில் எடுத்து ஆடும் சிறு ஆட்டம், என்ற தொழில் கைப்பேசியோடு பிறந்ததன்று. 2001இல் பாப்கேப் நிறுவனம் பிஜுவெல்டு என்ற ரத்தினக்கல் ஆட்டத்தை இணையத்தில் இலவசமாக விட்டது. அந்தக் காலத்தில் இணைய விளம்பரச் சந்தை சரிந்து கிடந்ததால் அதில் பணம் பெயரவில்லை. ஆகவே அதே ஆட்டத்தைச் செம்மைப்படுத்திக் கணினியில் இறக்கிக்கொள்ளும் வடிவமாக 20 டாலருக்கு விற்றார்கள். அப்போது நிலைபெற்ற வழக்கம் என்னவென்றால், ஒரு மணி நேரம் சும்மா ஆடலாம். ஆட்டம் சூடுபிடித்திருக்கும்போது, 'தொடர வேண்டுமானால் பணம் கட்டுங்கள்' என்று ஒரு பலகை வந்து நிற்கும். நம் டவுன் அல்வாக் கடையில் வாழையிலைத் துண்டில் சுடச்சுட ஒரு விள்ளல் வாங்கித் தின்றவன் கால் கிலோ கட்டச் சொல்லாமல் நகர்வதில்லை அல்லவா, அதே நம்பிக்கைதான். ஆனால் அல்வாவுக்குக் கிடைக்கிற பலன் ஆட்டத்துக்குக் கிடைக்காது. இறக்கிப் பார்த்தவர்களில் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ வாங்கினால் அது நல்ல ஆட்டம் என்று எங்கள் தொழிலில் கணக்கு வைத்திருந்தோம்.

அந்த ஒருவர் யார் என்பதும் எங்களுக்கு வியப்பாகவே இருந்தது. துப்பாக்கி ஆட்டம் ஆடும் இளைஞர் அல்லர்; பெரும்பாலும் முப்பத்தைந்தைக் கடந்த பெண்கள். தங்களை 'கேம் ஆடுபவர்' என்று அவர்கள் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை.

பிறகு என்ன நடந்தது? ஆட்டங்களை அடுக்கி விற்ற பெரிய இணையக் கடைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு விலையைக் குறைத்தன. 20 டாலர் 10 ஆனது. மாதச் சந்தா கட்டியவருக்கு 7 டாலருக்கும் கீழே போனது. கடைக்காரர் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு செய்தவன் கைக்கு வந்தது சொற்பம். கைப்பேசிக் கடைகள் வந்ததும் விலை ஒரு டாலர், அதன்பின் பூஜ்யம். 2012இல் வந்த கேண்டி க்ரஷ் ஆடுவதற்கு இலவசம். ஆனால் அதைச் செய்த கிங் நிறுவனத்தை 2016இல் ஆக்டிவிஷன் பிளிசார்டு 590 கோடி டாலருக்கு வாங்கியது. ஆடுபவர்களில் மிகச் சிலரே காசு கொடுத்தார்கள் என்றாலும், கொடுத்தவர்கள் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். அந்தச் சிலரைத் தேடிப் பிடிப்பதற்காகவே கோடிக்கணக்கில் விளம்பரச் செலவு செய்யும் நிறுவனங்களோடு பாளையங்கோட்டையில் இரவு பத்து மணிக்கு மேல் வேலை பார்க்கும் இருவர் மோத முடியாது. ஆக, விலையை நாம் முடிவு செய்வதாக நினைக்கிறோம். உண்மையில் அதைக் கடையும் கூட்டமும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டன. உங்கள் கையில் இருப்பது, யாருக்காகச் செய்கிறோம் என்ற ஒன்றே.

அம்பைக் கணக்கர்

இந்தத் தொழிலைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் இந்தத் தொழில் செய்யும் சிலருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். ஆகவே எண்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விளம்பரம் ஆயிரம் முறை காட்டப்பட்டால் ஐம்பது ரூபாய் கிடைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒருவர் நாளொன்றுக்கு நான்கு விளம்பரம் பார்த்தால் அவரால் உங்களுக்கு வருவது இருபது பைசா. தினமும் 500 பேர் தவறாமல் ஆடினால் 100 ரூபாய். கூகுளின் ஆட்மாப் வழியாக விளம்பரம் போட்டால், கணக்கில் 100 டாலர் சேரும்வரை பணம் வராது. அதாவது ஏறத்தாழ மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். தினமும் 500 பேர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். இறக்கியவர்களில் பெரும்பாலோர் மறுநாளே நீக்கிவிடுவார்கள் என்பதை நினைவில் வைத்தால் அது மலை.

விலை வைத்தால், 99 ரூபாயில் கடையின் பங்கு போக, வரியைத் தனியே வைத்துவிட்டு, 84 ரூபாய் நிற்கும். கூகுள் 2021 ஜூலை முதல் ஆண்டின் முதல் பத்து லட்சம் டாலர் வருமானத்துக்கு 15 சதவீதம்தான் எடுக்கிறது. அதற்கென்று முறைப்படி பதிந்துகொள்ள வேண்டும், மறந்துவிடாதீர்கள். மேற்சொன்ன ஆள் 84 ரூபாயை விளம்பரத்தில் ஈட்டித் தர 420 நாள் ஆட வேண்டும்.

இன்னொரு முக்கியமான சங்கதி. கூகுள் பிளேயில் ஒருமுறை இலவசம் என்று வெளியிட்ட ஆப்பைப் பிறகு விலைக்கு மாற்ற முடியாது. புதிய ஆப்பாகத்தான் மீண்டும் ஏற்ற வேண்டும். விலை வைத்ததை இலவசமாக்கலாம். ஒருவழிப் பாதை என்பதால், மைத்துனரோடு பேசி முடித்த பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

மேலரதவீதிக்காரன்

சரி, விளம்பரமும் வேண்டாம், விலையும் வேண்டாம். ஆளுக்குப் பத்து ரூபாய் கட்டி ஆடட்டும். ஜெயித்தவருக்குப் பதினெட்டு, ஆப்புக்கு இரண்டு. ஊரில் திருவிழாக் காலத்தில் நடக்காததா?

அம்பைக் கணக்கர்

கூடவே கூடாது. 2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களை, அது திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே பார்க்காமல் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் உண்டு. தமிழ்நாட்டுக்கென்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. பந்தயம் இல்லாமல், ஆடுவதற்காக மட்டும் ஒருமுறைக் கட்டணம் வாங்கும் ஆட்டத்துக்கு இந்தத் தடை பொருந்தாது.

மேலரதவீதிக்காரன்

வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அண்ணாச்சி.

கொக்கிரகுளத்துக் கோலம்

நான் படம் வரைபவள். ஆட்டங்களின் திரைகளை வடிவமைப்பது என் வேலை. விலையைப் பற்றிய பேச்சு சீக்கிரமே தொடங்கிவிட்டதோ என்று தோன்றுகிறது. அண்ணன் முதலில் சொல்ல வேண்டியது, இதை யார் ஆடப்போகிறார்கள், யார் வாங்கப்போகிறார்கள் என்பதை. இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்தில் கடைந்து வண்ணம் ஏற்றும் மரச் சொப்புச் சாமானை ஆடுவது குழந்தை. வாங்குவது, தான் சிறுமியாக இருந்தபோது அதை வைத்து ஆடிய தாய். தாயமும் அப்படித்தான். ஆடப்போகிறவர் வீரவநல்லூர்ப் பெரியம்மா. பணம் கட்டப்போகிறவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, விடுமுறைக்கு வரும்போது அம்மாவின் கைப்பேசியில் அதை ஏற்றிக் கொடுக்கும் மகன். அந்த மகனுக்கு 99 ரூபாய் ஒரு பொருட்டன்று. அந்தப் பெரியம்மாவுக்கோ, நடு ஆட்டத்தில் குதித்து வரும் கடன் ஆப் விளம்பரம் ஒரு ஆபத்து. எங்கே தொட்டால் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாது. விளம்பரம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அறம் காரணமில்லை. பயந்துபோன கிழவி மறுநாள் அந்த ஆப்பைத் திறக்க மாட்டார்.

ஆகவே நடுவழி ஒன்று: ஐந்துக்கு ஐந்து பலகையை முழுமையாக, விளம்பரமின்றி, இலவசமாகத் தாருங்கள். ஏழுக்கு ஏழு பலகையையும் மற்றவற்றையும் ஒரே ஒருமுறை பணம் கட்டித் திறந்துகொள்ளும்படி வையுங்கள். வண்ணார்பேட்டை அண்ணாச்சி சொன்ன ஒரு மணி நேரச் சோதனையின் பேத்தி இது.

இன்னொன்று கேட்க வேண்டும். எந்த என்ஜினில், அதாவது ஆட்டம் செய்யும் மென்பொருளில், செய்தீர்கள்? தமிழ் எழுத்து ஒழுங்காக விழுகிறதா? யூனிட்டியின் வழக்கமான எழுத்துக் கருவியில் 'கொ' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறி நிற்பதைப் பார்த்துக் கண்ணீர் விட்டவள் நான். தமிழில் தாயம் என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே எழுத்து உடைந்து கிடந்தால், வாங்க வந்த மகன் முதல் திரையிலேயே திரும்பிவிடுவான்.

தாயக்கட்டை (பாளையங்கோட்டை)

யூனிட்டியில்தான் தொடங்கினோம், அக்கா. 2023 செப்டம்பரில் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அவர்கள் அறிவித்ததைக் கேட்டபோதே மனம் விட்டுப்போயிருந்தது; ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டார்கள் என்றாலும், எழுத்துச் சிக்கலும் சேர்ந்துகொண்டதால் கோடாட் 4க்கு மாறிவிட்டோம். அது முற்றிலும் இலவசம்; தமிழ் எழுத்தைச் சிதைக்காமல் காட்டுகிறது. மாறியதில் ஐந்து மாதம் போயிற்று.

சொப்புச் சாமான் உவமையை மைத்துனருக்குப் படித்துக் காட்டினேன். அவர் பதில் பேசாமல் எழுந்து போனார். அது பாதிச் சம்மதம். அடுத்த தடை, என் டெவலப்பர் கணக்கு புதியது என்பதால், கடையில் வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும் என்ற கூகுளின் விதி. முன்பு 20 பேர் என்றிருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆக்கினார்கள். இந்த இழையில் இருப்பவர்கள் மூவர், உறவிலும் பழக்கத்திலும் ஒன்பது பேர் என்று சேர்த்துக்கொள்கிறேன்.

வண்ணார்பேட்டையார்

நான் வருகிறேன். ஒரு வேண்டுகோள்: நன்றாக இருக்கிறதா என்று எவரிடமும் கேட்காதீர்கள். உறவுக்காரர் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். மறுநாள் யார் நினைவூட்டாமல் திறந்தார்கள் என்பதை மட்டும் குறித்து வையுங்கள்.

தாயக்கட்டை (பாளையங்கோட்டை)

பதினான்கு நாள் முடிந்தது. முதல் நாள் பன்னிரண்டு பேரும் ஆடினார்கள். இரண்டாம் நாள் தாமாகத் திறந்தவர்கள் ஐவர். இரண்டாம் வாரத்திலும் தினமும் ஆடியவர்கள் பெரியம்மா, அவருடைய பக்கத்து வீட்டுக்காரர், கொக்கிரகுளத்து அக்காவின் தாயார் ஆகிய மூவர். மூவருமே அறுபதைக் கடந்தவர்கள். கல்லூரி மாணவர் நால்வரில் ஒருவர்கூட நிற்கவில்லை. அக்கா சொன்னதே நடந்தது.

நான் எதிர்பாராதது விலகியவர்கள் சொன்ன காரணம். 'உன் கட்டை ஏமாற்றுகிறது, தாயமே விழவில்லை' என்றார்கள். கட்டையில் தவறில்லை. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகம். ஆக மொத்தம் 16 வகை விழுகை. காய் பலகையில் இறங்கத் தாயம் விழ வேண்டும். ஒரு கட்டை வெறுமையும் மற்றது ஒன்றும் காட்டினால்தான் தாயம். அது 16இல் 2. சராசரியாக எட்டு முறை உருட்டினால் ஒருமுறை விழும். ஆனால் பதினைந்து முறை உருட்டியும் விழாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்குப் பதின்மூன்று. சராசரியாகப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ முதல் ஆட்டத்திலேயே அது நடக்கும். எங்களுக்கு இருவருக்கு நடந்தது. திண்ணையில் என்றால் எதிரே இருப்பவரைக் கேலி செய்துகொண்டே காத்திருக்கலாம். கைப்பேசியில் பதினைந்து முறை வெறுங்கையோடு உருட்டியவர் ஆப்பை நீக்கிவிடுகிறார். முதல் ஆட்டத்தில் மட்டும், ஐந்தாவது உருட்டலுக்குள் தாயம் விழும்படி மறைவாகச் செய்துவிடலாமா?

வண்ணார்பேட்டையார்

செய்யுங்கள். நாங்கள் செய்த ஆட்டங்களில் முதல் பத்து நிமிடம் எவரும் தோற்றதில்லை. அவர்களுக்கு அது தெரியாது. வாடிக்கையாளரை வாசலில் நிறுத்திவைத்து நேர்மை பேசும் கடை ஓடாது.

கொக்கிரகுளத்துக் கோலம்

அண்ணாச்சி மீது மரியாதை உண்டு. ஆனால் இதில் உடன்பட முடியவில்லை. கணினி தானாக உருவாக்கும் ரத்தினக்கல் வரிசையைச் சாதகமாக அடுக்குவது வேறு. தாயக்கட்டையை வளைப்பது வேறு. தாயத்தில் கட்டைதான் நீதிபதி. ஒருநாள் இது வெளியே தெரிந்தால், வெளிநாட்டிலிருந்து அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த மகன் எழுதப்போகும் விமரிசனத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு நட்சத்திரம் போட்டவர் ஒருவர் இருந்தால், சிறிய ஆப்புக்கு அது பெரிய அடி.

என் தாயாரிடம் கேட்டேன். அவர் இதைச் சிக்கலாகவே கருதவில்லை. 'எங்கள் வீட்டில் அஞ்சு விழுந்தாலும் காய் இறக்கலாம், உங்கள் ஆட்களுக்கு அது தெரியாதா' என்று கேட்டார்.

தாயக்கட்டை (பாளையங்கோட்டை)

அக்கா, நேற்று இரவு முழுவதும் இதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தும் 16இல் 2 வகை. தாயத்தோடு அதையும் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பதினைந்து உருட்டலில் எதுவுமே விழாமல் போவது நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. கட்டையைத் தொடாமலே சிக்கல் தீர்ந்தது. ஒன்றரை ஆண்டாகப் பெரியம்மா வீட்டு விதியை ஊர் விதி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆகவே முடிவு இது. இலவசப் பலகையில் தாயமும் ஐந்தும் காய் இறக்கும். 149 ரூபாய் கட்டித் திறப்பவருக்கு ஏழுக்கு ஏழு பலகையோடு 'வீட்டு விதி' என்று ஒரு பக்கம் திறக்கும். எது விழுந்தால் இறங்கலாம், எந்த எண்ணுக்கு மறு ஆட்டம் என்று அவரவர் குடும்ப வழக்கப்படி அமைத்துக்கொள்ளலாம். பெரியம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. தாயத்துக்குக் காத்திருப்பதே ஆட்டம் என்கிறார். அவர் தம் வீட்டு விதியை அமைத்துக்கொள்ளட்டும். அவருக்குக் காசு கேட்க மாட்டேன்.

வண்ணார்பேட்டையார்

இது என் யோசனையைவிட நன்றாக இருக்கிறது. வேறொருவர் காப்பியடிப்பார் என்ற பயம் வேண்டாம். த்ரீஸ் என்ற எண் ஆட்டத்தை மாதக்கணக்கில் உழைத்துச் செய்து 2014 பிப்ரவரியில் விலைக்கு விட்டார்கள். மறு மாதமே 2048 இலவசமாக வந்து உலகம் முழுவதும் பரவியது. தாயத்தின் விதி யாருக்கும் சொந்தமில்லை. நாளை இன்னொருவர் செய்வார். அவரிடம் உங்கள் பெரியம்மா வீட்டுத் தரையின் ஓசை இருக்காது.

அம்பைக் கணக்கர்

வெளிநாட்டுப் பணம் வங்கிக்கு வரும்போது அதற்கான சான்றை மாதந்தோறும் வாங்கி வையுங்கள். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. அந்தத் தலைவலி வரட்டும் என்று வாழ்த்துகிறேன்.

மேலரதவீதிக்காரன்

ஐபோனில் எப்போது வரும்? வெளிநாட்டில் இருக்கும் மகன்கள் பலர் கையில் அதுதான் இருக்கிறது.

தாயக்கட்டை (பாளையங்கோட்டை)

கூகுளுக்கு ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். கடையின் 15 சதவீதம் போக எங்களுக்கு ஒரு விற்பனைக்கு 126 ரூபாய் என்றால், அந்தக் கட்டணத்துக்கே ஆண்டுக்கு ஏறத்தாழ எழுபது பேர் வாங்க வேண்டும். ஐபோனில் வாங்குவதாக எழுபது பேர் பெயர் கொடுத்த அன்று கட்டுகிறேன் என்று மைத்துனரிடம் சொல்லியிருக்கிறேன்.

மேலரதவீதிக்காரன்

தம்மாமில் இருக்கும் என் தம்பியை ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவிடம் இன்று இரவு கேட்கிறேன், எங்கள் வீட்டில் எது விழுந்தால் காய் இறங்கும் என்று.